சரிவுக் குழாயில் அழுத்தத்தைக் குறைக்க எது தகும்: கேட் வால்வா, பி.ஆர்.வி.யா, இடைத்தொட்டியா?

திருநெல்வேலி மாவட்டத்தின் களக்காடு, மணிமுத்தாறு, பாபநாசம் போன்ற மலையடிவாரப் பகுதிகளில் மேட்டில் தொட்டி வைத்துச் சரிவில் குழாய் இறக்கும்போது, தண்ணீர் எட்டுமா என்ற கவலையைவிட, அது கொண்டுவரும் அழுத்தத்தைக் குழாய் தாங்குமா என்ற கவலையே பெரிது. 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் என்பது கணக்கு. தொட்டியிலிருந்து 80 மீட்டர் கீழே உள்ள தெருவில், எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும் நள்ளிரவில், 8 கிலோ அழுத்தம் நிற்கும். 6 கிலோ வகைப் பி.வி.சி. குழாய் அதைத் தாங்காது.

இதற்கு ஊர்களில் முதலில் கையாளப்படுவது, திருகினால் தகடு இறங்கிக் குழாயை அடைக்கும் கேட் வால்வைப் பாதி மூடி வைப்பது. செலவில்லாத வழி என்பதாலேயே இது நிலைத்துவிட்டது. ஆனால் இது அழுத்தத்தைக் குறைக்கும் வழியே அல்ல என்பது என் உறுதியான கருத்து. குறுகிய இடைவெளியில் தண்ணீர் ஓடும்போது மட்டுமே அழுத்தம் குறைகிறது. ஓட்டம் நின்றதும் வால்வின் இரு பக்க அழுத்தமும் ஒன்றாகிவிடும். வால்வுக்குக் கீழே ஓர் அழுத்தமானியைப் பொருத்தி, கடைசிக் குழாயையும் மூடிப் பார்த்தால், முள் மெல்ல ஏறி முழு அளவில் போய் நிற்பதைக் கண்ணால் காணலாம். குழாய் வெடிப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பாதியில் நிற்கும் தகடு நீரோட்டத்தில் அரிக்கப்பட்டு, பிறகு தேவைப்படும்போது முழுதாக மூடாமலும் போகும்.

ஓட்டம் நின்றாலும் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதுதான் பி.ஆர்.வி. எனப்படும் அழுத்தக் குறைப்பு வால்வின் வேலை. இதில் ஸ்பிரிங், பைலட் என இரு வகை உண்டு. ஸ்பிரிங் வகையில், மேலிருந்து ஸ்பிரிங் வால்வைத் திறக்கப் பார்க்கிறது. கீழ்ப்பக்க நீரின் அழுத்தம் டயாபிரம் எனப்படும் வளையும் ரப்பர்ச் சவ்வை எதிர்த்துத் தள்ளி அதை மூடப் பார்க்கிறது. இரண்டும் சமனாகும் இடத்தில் வால்வு நிற்கும். தலைப்பக்கத் திருகாணியை இறுக்கினால் கீழ்ப்பக்க அழுத்தம் கூடும், தளர்த்தினால் குறையும். ஓட்டம் அதிகமாகும்போது வால்வு கூடுதலாகத் திறக்க வேண்டியிருப்பதால், கீழ்ப்பக்க அழுத்தம் வைத்த அளவைவிடச் சற்று இறங்கும். ஒரு வீட்டுக்கோ சிறு கிளைக்குழாய்க்கோ இது குறையாகத் தெரியாது.

பெரிய குழாய்களுக்கு உரியது பைலட் வகை. மேல்பக்கத் தண்ணீரில் சிறிதளவு ஒரு நுண்துளை வழியே பெரிய டயாபிரத்தின் மேலறைக்குச் செல்கிறது. விரல் தடிமனுள்ள செப்புக் குழலில் அமர்ந்த சிறிய பைலட் வால்வு, கீழ்ப்பக்க அழுத்தம் குறைந்தால் அந்த அறையின் நீரை வெளியேற்றிப் பெரிய வால்வைத் திறக்கவும், கூடினால் அறையை நிரம்பவிட்டு மூடவும் செய்கிறது. ஓட்டம் எப்படி மாறினாலும் அழுத்தம் துல்லியமாக நிற்கும். ஆனால் அந்த நுண்துளையே இதன் பலவீனமும் ஆகும். வடகிழக்குப் பருவமழையில் தாமிரபரணி கலங்கி வரும் நாட்களில் நுண்மணல் அத்துளைக்கு முன்னுள்ள வடிகட்டியை அடைத்தால், பெரிய வால்வு நிலைதடுமாறும். இரண்டு நாளைக்கு ஒருமுறை மட்டும் தண்ணீர் விடும் ஊரில், ஒவ்வொரு முறையும் குழாயில் முன்னால் காற்று வருகிறது. அது மேலறையில் சிக்கினால் வால்வு ஒரு நிலையில் நில்லாமல் ஆடும். டயாபிரம் கிழிந்தாலோ வால்வு திறந்த நிலையிலேயே நின்று, முழு அழுத்தமும் கீழே இறங்கும். வடிகட்டியைக் கழற்றிக் கழுவவும் காற்றை வெளியேற்றவும் பொறுப்பான ஆள் இல்லாத இடத்தில் இந்த வால்வை வைப்பது வீண்செலவு.

மூன்றாவது வழி, சரிவின் நடுவே திறந்த இடைத்தொட்டி. தண்ணீர் தொட்டியில் விழுந்ததும் அதுவரை சேர்ந்த அழுத்தம் முழுதும் கழிந்துவிடும். கீழே உள்ள குழாய்க்குக் கணக்கு புதிதாகத் தொடங்கும். 80 மீட்டர் இறக்கத்தில் 40-ஆவது மீட்டரில் ஒரு தொட்டி கட்டினால், எந்தத் துண்டும் 4 கிலோவுக்கு மேல் சுமக்காது. ஒரு மிதவை வால்வைத் தவிர நகரும் உறுப்பே இல்லை. அது பழுதானாலும் தொட்டி நிரம்பி வழிந்து காட்டிக்கொடுக்கும், பி.ஆர்.வி.யின் பழுதோ குழாய் உடையும்வரை எவர் கண்ணுக்கும் தெரியாது. சரியான உயரத்தில் இடம் கிடைக்க வேண்டும், மூடி போட்டுத் தூய்மை காக்க வேண்டும், இழந்த அழுத்தம் திரும்பாது என்பன உண்மையான குறைகள்தாம். அப்படியிருந்தும் மலையடிவாரக் கிராமத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே.

மாடிக் கட்டடங்கள் உள்ள பாளையங்கோட்டை நகரப் பக்கம் நிலைமை வேறு. ஐந்து மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் அழுத்தம் 2 கிலோவைக்கூட எட்டாது, அங்கே பி.ஆர்.வி. தேவையே இல்லை. பத்து மாடிக்கு மேற்பட்டாலோ பிரஷர் பம்ப் வைத்தாலோ மட்டும், கீழ்த்தளங்களுக்கான கிளையில் ஸ்பிரிங் வகை போதும்.

எந்த வகை பி.ஆர்.வி. ஆனாலும், ஒரே படியில் அழுத்தத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறக்குவதைத் தவிர்க்க வேண்டும். வேகமான ஓட்டத்தில் உண்டாகும் நீராவிக் குமிழ்கள் உடைந்து, வால்வின் மூடி வந்து அமரும் இருக்கையை அரித்துவிடும். அவ்வளவு இறக்க வேண்டுமானால் இரண்டு வால்வுகளை வரிசையாக வைக்கலாம். இருபுறமும் அழுத்தமானி பொருத்தி, ஓட்டமற்ற நள்ளிரவில் ஒரு முறையும், எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் காலையில் ஒரு முறையும் அளவைக் குறித்துக்கொண்ட பிறகே, திருகாணியின் நிலையை முடிவு செய்ய வேண்டும்.