ஆர்கன் எண்ணெய்: மொராக்கோ பெண்கள் கூட்டுறவுப் பாட்டில் கொடுக்கும் காசுக்குத் தகுமா?

ஆர்கன் என்பது மொராக்கோவில் வளரும் ஒரு மரம், அதன் கொட்டைப் பருப்பில் எடுப்பதுதான் இந்த எண்ணெய். கடையில் "ஆர்கன்" என்று எழுதியிருக்கும் பாட்டில்களில் பாதி சீரம். பின்பக்கப் பட்டியலில் முதலில் சைக்ளோபென்டாசிலோக்சேன் இருந்தால் அது சிலிக்கோன். எது அதிகமோ அதுதான் பட்டியலில் முன்னால் வரும், ஆர்கன் கடைசியில் இருந்தால் சில சொட்டுதான். அதை விட்டுவிடுவோம். இங்கே பார்ப்பது தென்மேற்கு மொராக்கோவில், எஸ்ஸவீரா, அகாதிர், தாரூதான்த் பக்கத்து கிராமக் கூட்டுறவுகளில் அமாசிக் (பெர்பர்) இனப் பெண்கள் எடுக்கும் எண்ணெயை. அதில் இரண்டு ரகம்: பருப்பை வறுத்துப் பிழிந்தது சமையலுக்கு, வறுக்காமல் பிழிந்தது முகத்துக்கும் முடிக்கும்.

சமையல் எண்ணெய் பொன்னிறத்தில் லேசாகச் சிவப்போடி இருக்கும். மூடியைத் திறந்தால் வறுத்த பாதாம், வேர்க்கடலை வாசம் வரவேண்டும். நிறம் கறுத்து, கசப்பு தூக்கலாக இருந்தால் வறுப்பு மிஞ்சிவிட்டது. 110 டிகிரி சூட்டில் 15 முதல் 30 நிமிடம் போதும். அந்த ஊரில் காலையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வார்கள், கோதுமை ரவையில் செய்யும் கூஸ்கூஸ் மேல் ஊற்றுவார்கள், பாதாமும் தேனும் சேர்த்து அரைத்து அம்லு என்ற விழுது செய்வார்கள். எதிலும் அடுப்பில் வைத்துக் காய்ச்சுவதில்லை. நம் வீட்டில் இட்லிப் பொடிக்குக் குழைக்கலாம், நன்றாகவே சேரும். தாளிக்க ஊற்றினால் வாசனையோடு காசும் புகையும். உடம்புக்கு அற்புதம் செய்யும் என்று நம்பி மட்டும் வாங்க வேண்டாம். கொழுப்பு அமிலங்களில் ஒலீயிக் 45 சதவீதத்தை ஒட்டி, லினோலியிக் மூன்றில் ஒரு பங்கு: நல்லெண்ணெயை விட்டு வெகுதூரம் போய்விடவில்லை.

தடவும் எண்ணெய் வெளிர் மஞ்சளாக, வாசனை அடங்கி இருக்கும். தண்ணீர் போல் தெளிந்து மணமே இல்லையென்றால் சுத்திகரித்து வாசம் நீக்கியது. ஆட்டு வாடை அடித்தால், ஆடு தின்று துப்பிய கொட்டையிலிருந்து வந்தது. அக்கறையுள்ள கூட்டுறவுகள் அந்தக் கொட்டையை வாங்குவதில்லை. வறுக்காத எண்ணெய் வறுத்ததைவிடச் சீக்கிரம் காறிப்போகும், ஆகவே பிழிந்த தேதி பார்க்காமல் இதை வாங்கக் கூடாது.

இனி விலை. ஒரு லிட்டருக்குக் காய்ந்த பழம் 30 முதல் 40 கிலோ, அதிலிருந்து வரும் பருப்பு சுமார் இரண்டரை கிலோ. பழம் தானாக உதிர்ந்த பிறகே பொறுக்க வேண்டும். கம்பால் அடித்தால் அடுத்த வருஷக் காய்ப்பு போகும். சதையை நீக்கி ஆட்டுக்குப் போடுவார்கள். பிறகு கொட்டையைக் கல்மேல் நிறுத்தி இன்னொரு கல்லால் உடைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் ஒன்று முதல் இரண்டு கிலோ பருப்பு தேறும். கொட்டையின் அளவும் ஓட்டின் தடிப்பும் ஒன்றுபோல் இருக்காது. இயந்திரத்தில் போட்டால் பருப்பும் சேர்ந்து நொறுங்குகிறது. முன்பு திரிகையில் அரைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிசைந்து கையால் பிழிவார்கள். தண்ணீர் சேர்வதால் அந்த எண்ணெய் நாள்படாது. இப்போது கூட்டுறவுகளில் அழுத்து இயந்திரம் தண்ணீரில்லாமல் பிழிகிறது, எண்ணெயும் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆக "முழுக்கக் கையால் பிழிந்தது" என்ற லேபிளுக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. கைவேலைக்கான காசு உடைப்பில்தான் இருக்கிறது.

அந்தக் காசு உடைத்தவர் கைக்குப் போகிறதா? ராபாத் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஸுபைதா ஷரூஃப் 1996இல் தமனாரில் தொடங்கிவைத்த அமல் கூட்டுறவின் ஏற்பாடு இன்றும் நல்ல அளவுகோல்: கைம்பெண்களையும் மணமுறிவு பெற்றவர்களையும் உறுப்பினராக்கி, உடைத்த பருப்புக்கு எடைக்கூலி கொடுத்து, லாபத்திலும் பங்கு வைத்தார்கள். பங்கு இல்லையென்றால் அது கூலிக்கூடம்தான், பலகையில் என்ன எழுதியிருந்தாலும். மொராக்கோவில் ஐந்து பேர் சேர்ந்தாலே கூட்டுறவு பதிவு செய்யலாம் என்பதால் பலகைக்குப் பஞ்சமில்லை. மராகேஷ்–எஸ்ஸவீரா சாலைக் கடைகளில் வாசலில் நாலு பெண்கள் கொட்டை உடைப்பார்கள். உள்ளே அலமாரியில் இருக்கும் எண்ணெய்க்கும் அவர்களுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்றில்லை.

நேர்மையான கூட்டுறவும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கொள்முதல். ஓட்டோடு இருக்கும் கொட்டை வருஷக்கணக்கில் கெடாது. விளைச்சல் நாளில் மலிவாக வாங்கிக் குவிக்கும் வியாபாரி, வறட்சி வந்ததும் விலையேற்றி விற்கிறார். கையில் முதல் இல்லாத சங்கம் அந்த விலைக்கே வாங்கி, உடைப்புக் கூலியைக் குறைத்துச் சமாளிக்கிறது. எண்ணெய் விலை ஏறியும் உடைப்பவர் வருமானம் ஏறாததற்கு இது முக்கியக் காரணம். நன்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது: 2011இல் வந்த ஓர் ஆய்வு, ஆர்கன் விலையேற்றத்தால் பயன்பெற்ற பகுதிகளில் பெண்பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போவது கூடியதைக் காட்டியது. கூடவே, வந்த பணத்தில் ஆடு வாங்கினார்கள், ஆடு மரத்தைத் தின்றது என்றும் காட்டியது.

வாங்கும்போது கேட்க வேண்டியவை: கூட்டுறவின் பெயரும் ஊரும், பிழிந்த தேதி, புவிசார் குறியீட்டு முத்திரை. பொருள் பட்டியலில் ஆர்கன் கொட்டை எண்ணெய் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. மொத்தமாக வாங்குகிறவர்கள் ஸ்டெரால் (தாவர எண்ணெயில் இயல்பாக இருக்கும் பொருள்கள்) பரிசோதனைச் சான்றும் கேளுங்கள்; அவற்றில் ஒன்றான கேம்பெஸ்டெரால், ஆர்கனின் மொத்த ஸ்டெராலில் 0.4 சதவீதத்தைத் தாண்டாது, சூரியகாந்தி கலந்தால் அந்த எண் உடனே ஏறிவிடும். அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்குள் இருந்தால் முதல் தரம்.

சமையல் ரகம், இந்த விவரங்களோடு கிடைத்தால், கொடுக்கும் காசுக்குத் தகும். தடவும் ரகத்தைத் தேதி தெரிந்தால் மட்டும் எடுக்கலாம். இரண்டிலும் கறுப்புக் கண்ணாடியில் 100 மில்லி போதும். லிட்டர் பாட்டில் மலிவாகத் தெரியும், பாதி தீர்வதற்குள் காறிவிடும்.