வன்னியில் மிச்ச இன்டர்நெட்டை விற்றுக் கிரிப்டோ: நீண்டகாலப் பாவனை சொல்வது

வீட்டு இணைப்பில் மிஞ்சும் டேட்டாவையும் உங்கள் ஐபியையும் (இணைய முகவரி) வெளி வாடிக்கையாளர் பாவிக்க விட்டுக் காசோ கிரிப்டோவோ தரும் செயலிகள் இருக்கின்றன. ஹனிகெயின், பக்கெட்ஸ்ட்ரீம், மிஸ்டீரியம், கிராஸ் என்று எந்தப் பெயரைக் கேள்விப்பட்டு வந்தாலும் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: மாதம் எவ்வளவு வரும்? இணைப்பின் மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு வந்தாலே நல்ல மாதம். இதைச் சம்பளமாக நம்பி ஒருவரும் இறங்க வேண்டாம். எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும் கருவி, எப்படியும் மிஞ்சி வீணாகும் டேட்டா, இரண்டும் இருந்தால் மட்டும் இது சரிவரும்.

கணக்கைப் பாருங்கள். பக்கெட்ஸ்ட்ரீம் ஒரு ஜீபிக்குத் தருவது 0.10 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் 30 ரூபாய். ஆனால் ஒரு ஜீபி பகிர்ந்தால் உங்கள் பக்கேஜில் கிட்டத்தட்ட 2 ஜீபி குறையும். வாடிக்கையாளர் கேட்ட பக்கம் முதலில் உங்கள் ரூட்டருக்கு இறங்குகிறது, பிறகு அங்கிருந்து அவருக்கு ஏறுகிறது. பக்கேஜ் மீட்டர் இறக்கத்தையும் எண்ணும், ஏற்றத்தையும் எண்ணும். காசு கொடுத்து டேட்டா வாங்கி விற்றால் நட்டம்தான். அதோடு செயலி இரவு பகலாக ஓடினாலும் உங்கள் நாட்டு ஐபியைக் கேட்டு ஆள் வந்தால்தான் காசு. அமெரிக்க, ஐரோப்பிய ஐபிக்கு இருக்கும் கேள்வி இலங்கை ஐபிக்கு இல்லை.

பல பக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகு தனியாகக் கிடைக்கும் இரவு டேட்டாதான் இதற்குப் பொருத்தம். ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியில் க்ரொன் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடக்கும் வசதி) வைத்து 12.05க்குத் தொடங்கி, பக்கேஜின் இரவு நேரம் முடியக் கால் மணி முன்னதாக நிறுத்துங்கள். இதில் பலர் விழும் இடம் நேரவலயம். அதைக் கொழும்புக்கு மாற்றாமல் விட்டால் பை லண்டன் நேரத்தில் ஓடும். நள்ளிரவில் தொடங்க வேண்டியது விடியப்புறம் ஐந்தரைக்குத் தொடங்கும், 6.45க்கு நிற்க வேண்டியது மதியம் 12.15 வரை பகல் டேட்டாவைத் தின்னும். லண்டனில் கோடைகால நேரம் என்றால் இரண்டும் ஒரு மணி முந்தும். மாதம் பாதியில் டேட்டா முடிந்துவிட்டது என்று கம்பனியைத் திட்ட முன் இதைப் பாருங்கள்.

லைன் வகையும் முக்கியம். கிளிநொச்சி நகரத்தில் ஃபைபர் எடுத்தவருக்கும், துணுக்காய் அல்லது ஒட்டுசுட்டான் உள்பக்கத்தில் 4ஜி ரூட்டர் வைத்திருப்பவருக்கும் ஒரே பலன் வராது. 4ஜியில் பெரும்பாலும் பல வீடுகள் ஒரே வெளி ஐபிக்குப் பின்னால் இருக்கும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் WAN IP என்று காட்டும் எண் 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையோ தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான். அங்கே போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை நேரே உங்கள் கருவிக்குத் திருப்புவது) வேலை செய்யாது. ஹனிகெயின் போன்றவை ஒரே ஐபியில் ஓடும் கருவிகளை மட்டுப்படுத்துவதால், முன்பின் தெரியாத யாரோ அதே ஐபியில் முந்திக்கொண்டால் உங்கள் கருவி சும்மா கிடக்கும். ஏற்ற வேகம் குறைந்த லைனில் வெளிநாட்டிலிருந்து வரும் வாட்ஸ்அப் வீடியோ கோலும் வெட்டி வெட்டி வரும். ரூட்டரில் அந்தக் கருவிக்கு மட்டும் ஏற்றத்தை 1 எம்பிபிஎஸ் அளவில் கட்டுப்படுத்தினால் அடங்கும்.

மின்சாரத்துக்கு வருவோம். பை 5 வாட் எடுத்தால் முழுநாள் ஓடியும் மாதம் 3.6 யூனிற். 25 வாட் மடிக்கணினி என்றால் 18 யூனிற். 60 யூனிற்றுக்குள் நிற்கும் வீடு அந்த எல்லையைத் தாண்டினால் வேறு விலைப் பட்டியலுக்குப் போய்விடும், பகிர்வில் வந்த காசு மின்பட்டியலோடு சரி. பழைய போனை 24 மணிநேரம் சார்ஜரில் போட்டு ஓட்டுவதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. பற்றரி ஊதும். கரண்ட் திடீரென்று போனால் பையின் எஸ்டி கார்ட் பழுதாகும், ரூட்டருக்கும் பைக்கும் சேர்த்து ஒரு மினி யூபிஎஸ் வையுங்கள். ஐப்பசி இடிக்கு யூபிஎஸ் காவல் இல்லை. செப்புக் கம்பி லைன் என்றால் பிளக்கோடு லைன் வயரையும் கழற்ற வேண்டும்.

இனி, யார் உங்கள் லைனில் போகிறார் என்பது. இணைப்பு உங்கள் அடையாள அட்டையில் பதிந்தது. வெளியே போகும் எல்லாவற்றுக்கும் தெரிவது உங்கள் ஐபிதான், விசாரணை என்று வந்தால் தட்டப்படுவது உங்கள் படலை. மிஸ்டீரியத்தில் இதை ஓரளவு கையில் வைத்திருக்கலாம். அதே வலையமைப்பிலுள்ள கணினியின் பிரவுசரில் கருவியின் ஐபியோடு 4449 போர்ட்டைத் திறந்து, பொதுச் சேவையை அணைத்து, வணிக வாடிக்கையாளருக்கான சேவைகளை மட்டும் விடுங்கள். வருமானம் குறையும், குறையட்டும். இணைய ஒப்பந்தத்தில் மறுவிற்பனைத் தடை இருக்கிறதா என்றும் வாசியுங்கள். இலவச விபிஎன் என்று வருவதை ஏற்றவே வேண்டாம்: பிறர் கணினிகளைக் களவாகப் பிடித்து அவற்றின் ஐபியை விற்ற, 2024 மே மாதம் அமெரிக்கா முடக்கிய 911 எஸ்5 வலையில் சிக்கிய 1.9 கோடிக்கும் மேலான ஐபிகளில் பல அப்படிச் சேர்ந்தவைதான்.

காசைக் கையில் எடுப்பதுதான் பெரிய பாடு. இலங்கைக் கணக்குகளுக்குப் பேபாலில் பணம் பெறும் வசதி நீண்டகாலம் இல்லாததால் இங்கே பலர் கிரிப்டோ வழிக்கு வந்தார்கள். கிராஸ் ஜீபிக்குக் காசு தராது, புள்ளிதான். அவை 2024 ஒக்டோபர் 28இல் சொலானா என்ற கிரிப்டோ நெட்வேர்க்கில் டோக்கனாக மாறியபோது, எடுப்பதற்கே கட்டணமாக அதன் நாணயமான சோல் கொஞ்சம் வாலட்டில் (கிரிப்டோவை வைக்கும் செயலி) இருக்க வேண்டியிருந்தது. மிஸ்டீரியம் தரும் டோக்கனான மிஸ்ட் பொலிகன் என்ற நெட்வேர்க்கில் இருக்கிறது, டொலர் விலையோடு கட்டிய யூஎஸ்டிடியாக மாற்றக் கட்டணத்துக்கு அந்த நெட்வேர்க்கின் நாணயமான பொல் வேண்டும். எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்ப முன் டோக்கனும் நெட்வேர்க்கும் இரு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். தவறினால் மீட்பது மிகக் கஷ்டம். வாலட்டை மீட்க உதவும் 12 இரகசியச் சொற்களையும் கடதாசியில் எழுதி வீட்டில் வையுங்கள், கொமினிகேசன் கடைக் கணினியில் ஒருநாளும் தட்டாதீர்கள்.

ரூபாயாக்குவது பி2பியில், அதாவது எக்ஸ்சேஞ்சில் ஆளுக்கு ஆள் நேரே விற்று. மத்திய வங்கி இந்தத் துறையில் எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று எச்சரித்திருக்கிறது, வங்கி அட்டையால் கிரிப்டோ வாங்கவும் முடியாது. பிரச்சினை வந்தால் முறையிட இடம் குறைவு. வாங்குபவரின் சரிபார்த்த பெயரும் பணம் அனுப்பிய கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாம் ஆளிடமிருந்து வந்தால் ஏற்காதீர்கள், மோசடிப் பணமாக இருந்தால் உங்கள் கணக்குத்தான் முடங்கும். ஸ்லிப் படத்தையோ எஸ்எம்எஸ்ஸையோ நம்பிக் கிரிப்டோவை விடுவிக்காமல், வங்கிச் செயலியைத் திறந்து மீதியைப் பார்த்த பிறகே விடுவியுங்கள்.