பிள்ளையைத் தூங்க வைக்க வீணை: நீண்ட நாள் பயன்படுத்திய அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாஸ்திரிய சங்கீதம் பிள்ளையைத் தூங்க வைக்கும். ஆனால் தனி வாத்தியமாக, மெதுவாக, சன்னமாக ஒலிக்க வேண்டும், மிருதங்கம் கூடாது. மகள் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து பாலர் பள்ளி போகும் இந்த வயது வரை, கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் இதைப் பயன்படுத்தி வருகிறோம். மாலையானால் இடி, இராத்திரியில் மோட்டார் சைக்கிள் சத்தம். அமைதியான வீட்டில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையே படாமல் போகலாம்.

முதலில் போட்டது, குழந்தைகளுக்கென்று தொகுத்த மேற்கத்திய இசைதான். பியானோ மட்டும் வரும் வரை நன்றாகத்தான் போகும். கண் செருகுகிற நேரத்தில் அடுத்த பகுதி வேகமெடுத்து மொத்த வாத்தியக் குழுவும் கிளம்பிவிடும். இலவச யூடியூப்பில் போட்டால் கோழி வறுவல் விளம்பரம் வேறு! அப்புறம் கர்நாடகக் கச்சேரிப் பதிவுகளுக்கு மாறினோம். தாளமில்லாமல் ராகத்தை மட்டும் மெல்ல விரிக்கும் ஆலாபனை வரை சொக்கிக் கிடப்பாள். மிருதங்கம் தனியாக முழங்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஏணைக்குள் கால் உதைக்கிற வேகத்தில், ஏணை தொங்கும் ஸ்பிரிங் மேலே கிறீச்சிடும்.

கடைசியில் நிலைத்தது நீலாம்பரி, வீணையில் வெறும் ஆலாபனை. தாலாட்டுக்கென்றே பேர் போன ராகம். கோயில்களில் இரவு பள்ளியறைப் பூஜைக்கு நாகஸ்வரத்தில் இதை வாசிக்கும் வழக்கமும் உண்டு. ஆனால் எல்லாம் ராகத்தின் மகிமை என்று நான் சொல்லமாட்டேன். மேற்கத்திய இசைமேதை பாஹின் மெதுவான பியானோ பதிவு ஒன்றுக்கும் அவள் அதே மாதிரி தூங்கியிருக்கிறாள். தினமும் அதே பதிவு, அதே நேரம், விளக்கு அணைந்த பிறகு என்ற பழக்கத்துக்குத்தான் பாதிப் பெருமை.

இசை கேட்டால் பிள்ளைக்கு மூளை வளரும் என்று நம்பி எதையும் வாங்காதீர்கள். அந்தப் பேச்சுக்கெல்லாம் மூலம் 1993இல் வந்த ஓர் ஆய்வு. அதில் மொஸார்ட்டின் மேற்கத்திய இசையைக் கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். கிடைத்த பலனும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் நின்றது. கைக்குழந்தைகள் அதில் இல்லவே இல்லை.

ஒலி அளவில் கண்டிப்பாக இருங்கள். மருத்துவமனைப் பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 50 டெசிபல். குழந்தைகளுக்கான தூக்க ஒலிக் கருவிகள் 14ஐ 2014இல் சோதித்தபோது, முழு ஒலியில் 30 சென்டிமீட்டர் தூரத்தில் எல்லாமே அந்த வரம்பைத் தாண்டின. மூன்று 85ஐயும் தாண்டின. எங்கள் ஸ்பீக்கர் அறையின் எதிர் மூலையில், அலமாரி மேல் இருக்கிறது. ஏணைப் பக்கத்தில் நின்று நாம் கிசுகிசுத்தாலும் கேட்க வேண்டும், அதுதான் எங்கள் கணக்கு.

குறை என்று பார்த்தால், பழகிவிடும். ஏழெட்டு மாதத்தில் நடுராத்திரி விழித்தால் வீணை இல்லாமல் மறுபடி தூங்கமாட்டேன் என்று அடம். தீபாவளிக்குக் கிள்ளானில் உறவினர் வீட்டில் தங்கியபோது ஸ்பீக்கர் கையில் இல்லை. அந்த இராத்திரி யாரும் தூங்கவில்லை. அதற்கப்புறம் டைமர் வைத்து, வாராவாரம் ஐந்து ஐந்து நிமிடமாகக் குறைத்தோம்.

இன்னொன்று. அத்தை வந்தால் இதற்கெல்லாம் வேலையே இல்லை. “அந்த டப்பாவ நிப்பாட்டும்மா, பிள்ளைய என்கிட்ட குடு” என்பார். சுருதி கொஞ்சம் முன்னே பின்னேதான். ஆனாலும் ஆராரோ இரண்டு சுற்று வருவதற்குள் பிள்ளை தூங்கிவிடும். 2013இல் அமெரிக்க மருத்துவமனைகளில் 272 குறைமாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், அருகிலிருந்து பாடியதும் மெல்ல வாசித்ததும் குழந்தைகளுக்கு உதவியதோடு, பெற்றோரின் மன உளைச்சலும் குறைந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பாட வருகிறவர்கள் பாடிவிடுங்கள். எனக்கு வேலை முடிந்து வந்தால் தொண்டையே எழும்பாது, அதனால்தான் வீணை.

ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒரு தடவை அணைத்துப் போட்டு, குரலில் ஏதாவது பேசுகிறதா என்று பாருங்கள். சிலது சார்ஜ் குறைந்தால் ‘பேட்டரி லோ’ என்று இராத்திரி இரண்டு மணிக்கு வாய்விட்டுக் கத்தும். எங்கள் முதல் ஸ்பீக்கர் அப்படித்தான் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தது.