கோல்ஃப் கிளப்பில் ஏழு வருட விருந்தாளி: சேலத்திலிருந்து போய்வந்த அனுபவம்

செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஏழு வருடத்துக்கு முன்பு பெங்களூர் வாடிக்கையாளர் ஒருவர், "ஒரு நாள் வாங்க, நடந்துக்கிட்டே வியாபாரம் பேசலாம்" என்று தன்னுடைய கோல்ஃப் கிளப்புக்குக் கூப்பிட்டார். நல்ல ஜீன்ஸ், புது டி-ஷர்ட், விலை கூடின ஸ்போர்ட்ஸ் ஷூ என்று விடிகாலையில் சேலத்திலிருந்து கிளம்பிப் போனேன். வரவேற்பில் இருந்தவர் எழுந்து நின்று மரியாதையாகத்தான் சொன்னார்: "சார், காலர் இல்லாம உள்ளே விட முடியாது. ஜீன்ஸும் ஆகாது." 200 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தவனுக்குச் சுருக்கென்று இருந்தது. கூப்பிட்டவருக்கும் முகம் வாடிவிட்டது. அங்கேயே இருந்த கடையில் ஒரு பேன்ட்டும் காலர் வைத்த டி-ஷர்ட்டும் வாங்கி மாற்றிக்கொண்ட பிறகுதான் புல்லில் கால் வைத்தேன்.

அவர் சொல்ல மறந்தார், நான் கேட்கவில்லை. ஆனால் அன்று ஒன்பது குழி நடந்து முடித்தபோது இந்த ஆட்டம் எனக்குள் புகுந்துவிட்டது. அதற்கப்புறம் பெங்களூர், கோவைப் பக்கம், மலை மேல் என்று வருடத்துக்கு ஆறேழு முறையாவது போய்வருகிறேன். எந்தக் கிளப்பிலும் உறுப்பினர் இல்லை, எப்போதும் விருந்தாளிதான். பயிற்சிக்கு ஏற்காட்டில் மச்சானுடைய காபித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வலை கட்டி அதில் அடிக்கிறேன். அங்கே சமதளம் கிடையாது. சரிவில் நின்றுதான் அடிக்க வேண்டும். பந்து காலைவிட மேட்டில் இருந்தால் வலது கைக்காரனுக்கு அது இடப்பக்கம் ஓடும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தோட்டம்தான்.

விருந்தாளியாகப் போகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை ஒரு போன். இணையதளத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு முறை நான் அதில் இருந்த கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் போனேன். நேரில் கேட்டது அதைவிட நிறைய அதிகம். அந்தப் பக்கத்தை வருடக்கணக்கில் யாரும் தொடவில்லை என்று பிறகு தெரிந்தது. வெளியூர்க்காரனுக்கு இது பெரிய சிரமம், கிளப்புகள் இதைச் சரிசெய்ய வேண்டும். அதனால் இப்போதெல்லாம் இரண்டு நாள் முன்பே கூப்பிட்டுக் கேட்டுவிடுகிறேன். உறுப்பினர் கூடவே வரவேண்டுமா, கடிதம் இருந்தால் போதுமா? நம்மூர் கிளப்பில் உறுப்பினராக இருப்பவருக்கு அங்கே இணைப்பு உண்டா? கிரீன் ஃபீ, அதாவது ஆடுவதற்கான கட்டணம், வாரநாளில் எவ்வளவு, ஞாயிறு எவ்வளவு? பையைச் சுமந்து கூடவே வரும் கேடி கட்டாயமா, அவர் கூலி கட்டணத்தில் சேர்ந்ததா, தனியாகக் கையில் கொடுப்பதா? ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண்) சான்று கேட்பார்களா? அன்றைக்குப் போட்டி ஏதாவது உண்டா? கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். போட்டி நாளில் விருந்தாளிக்கு இடம் கிடைக்காது. பல கிளப்புகள் திங்கட்கிழமை புல் பராமரிப்புக்காக மூடிவிடும். ஞாயிறு காலை உறுப்பினர்களுக்கே இடம் போதாது. வாரநாள் காலையில் போனால் மட்டுமே நிம்மதியாக ஆடலாம் என்பது என் அனுபவம்.

அப்புறம் பணம். சில கிளப்புகளில் சாப்பாட்டுக் கூடத்தில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், எல்லாமே உறுப்பினர் கணக்கில் ஏறும். கூட்டிப்போனவரிடம் அன்றே கணக்குக் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். அவர் வேண்டாம் என்றாலும் விடாதீர்கள். அடுத்த முறையும் அவர் மனசு நிறைந்து கூப்பிட வேண்டுமே.

இப்போது உடை. களத்தில் ஆணுக்கு எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் ஒரே உடை, காலர் வைத்த டி-ஷர்ட்டை உள்ளே விட்டு, தைத்த பருத்தி பேன்ட், பெல்ட். முட்டி வரை வரும் தைத்த அரைக்கால் சட்டையைப் பெரும்பாலான இடங்களில் அனுமதிக்கிறார்கள். பக்கவாட்டில் பெரிய பை வைத்தது, டிராக் பேன்ட், ஜீன்ஸ், வட்டக் கழுத்து பனியன், செருப்பு எதுவும் ஆகாது. பெண்களுக்கான விதியைப் பல கிளப்புகள் தெளிவாக எழுதி வைப்பதே இல்லை. என் மனைவி ஒரு முறை சுடிதாரோடு வந்தாள். நடக்கலாமா, ஆடலாமா, எந்தக் கூடம் வரை வரலாம் என்று ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். அரை மணி நேரம் வராந்தாவிலேயே நின்றாள். ஒரு வரி எழுதி மாட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். வீட்டுப் பெண்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதையும் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

கடையில் விற்கும் கோல்ஃப் பேன்ட் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அம்மாப்பேட்டையில் எங்கள் தையல்காரரிடம் கொஞ்சம் இழுவை கொடுக்கும் பருத்தித் துணி கொடுத்து இரண்டு தைத்துக்கொண்டேன். "குனிஞ்சு நிமிர்ற வேலையா சார்?" என்று கேட்டு, தொடையிலும் முட்டியிலும் அரை அங்குலம் தளர்வு விட்டார். வலப்பக்கப் பைக்குள் டீ (முதல் அடிக்குப் பந்தைத் தாங்கும் சின்ன ஆணி) வைக்க ஒரு சின்ன உள்பை. ஐந்து வருடமாக அதே இரண்டு பேன்ட்தான். வெளுத்திருக்கிறது, ஒரு தையலும் விடவில்லை.

ஷூவில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இரும்பு முள் வைத்த பழைய ஷூவை இப்போது அநேகமாக எங்கேயும் விடுவதில்லை, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய கிரீன் புல்லைக் கிழித்துவிடும். பிளாஸ்டிக் முள் வைத்த ஷூ வாங்கினேன். முள்ளைக் கழற்றி மாற்றலாம். மூன்று முறை மாற்றியிருக்கிறேன். ஷூ இன்னும் உழைக்கிறது. ஐப்பசி மழையில் தோட்டத்துச் சரிவில் ஈரப் புல்லில் நின்று பார்த்தேன், வழுக்கவில்லை. தார் ரோட்டில் இதைப் போட்டு நடந்தால் முள் தேய்ந்துவிடும், காரில் இருந்து இறங்கின பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். கையுறைதான் சேலத்து வெயிலுக்கு ஈடுகொடுக்கவில்லை. இடது கைக்கு மட்டும் போடுகிற மெல்லிய தோல் அது. வியர்வையில் நனைந்து காரின் முன்கண்ணாடி ஓரம் காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். நிழலில் விரித்துக் காயவைத்தால் நாலைந்து மாதம் வருகிறது.

வேட்டியைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். 2014 ஜூலையில் வேட்டி கட்டிப் போன சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. சட்டமன்றம் வரை பேச்சானது. அடுத்த மாதமே சட்டம் வந்தது: தமிழ்நாட்டில் வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்து வருபவரைக் கிளப்புகள் தடுக்க முடியாது. தடுத்தால் உரிமம் ரத்தாகலாம், ஒரு வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மலைக் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு நான் வேட்டி சட்டையில்தான் போகிறேன். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. இது நம் மாநிலச் சட்டம், பெங்களூருக்குச் செல்லாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். களத்தில் பேன்ட்டும் ஷூவும் கேட்பதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அது கால் வழுக்காமல் இருப்பதற்கும் புல் கிழியாமல் இருப்பதற்கும். சாப்பாட்டு மேசையில் அந்தக் காரணம் எதுவும் கிடையாது. எனவே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

உள்ளூர் விதிகள் ஸ்கோர் அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முதல் மூன்று வருடம் நான் அதைப் படித்ததே இல்லை, நஷ்டம் எனக்குத்தான். கோல்ஃப் விதிகள் உலகம் முழுக்க ஒன்று. அதற்கு மேல் ஒவ்வொரு கிளப்பும் தன் நிலத்துக்குத் தகுந்தபடி சிலதைச் சேர்த்துக்கொள்ளும். களத்தில் நட்டிருக்கும் குச்சிகளின் நிறத்தை மட்டும் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் போய்விடும். வெள்ளைக் குச்சிக்கு அந்தப் பக்கம் எல்லைக்கு வெளியே. மஞ்சளும் சிவப்பும் குட்டை, ஓடை மாதிரியான தண்டனைப் பகுதி. நீலம் பழுதுபார்க்கும் நிலமாக இருக்கும், அங்கே விழுந்தால் தண்டனை இல்லாமல் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். புதிதாக நட்ட மரக்கன்றுக்குக் கொம்பு கட்டியிருந்தால், பல இடங்களில் அங்கிருந்து அடிக்கவே கூடாது, எடுத்துத்தான் ஆக வேண்டும்.

விருந்தாளிக்கு ரொம்ப உதவுகிற விதி ஒன்று உண்டு. பந்து தொலைந்தாலோ எல்லை தாண்டினாலோ, வழக்கப்படி முன்பு அடித்த இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டும். 2019-ல் விதிகளைத் திருத்தியபோது, கிளப் விரும்பினால் வேறு வழி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்: தண்டனையாக ஸ்கோரில் இரண்டு அடி கூட்டிக்கொண்டு, பந்து போன இடத்துக்கு நேராக ஃபேர்வே (நடுவில் வெட்டிவிட்ட புல்வெளி) பக்கம் போட்டு ஆடலாம். அட்டையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பின்னால் வருகிற நான்கு பேரைக் காக்கவைக்க வேண்டியதில்லை. பந்து தேடும் நேரத்தையும் அதே வருடம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைத்துவிட்டார்கள். ஏற்காட்டில் லாண்டானா புதருக்குள் பந்து தேடிப் பழகின எனக்கு மூன்று நிமிடம் போதாதுதான், ஆனாலும் விட்டுவிட்டு நடக்கப் பழகிக்கொண்டேன்.

மலைக் கிளப்பில் ஒரு பனிக்காலைப் பொழுது. ஃபேர்வே ஓரத்தில் என் பந்துக்குப் பத்தடி தள்ளி ஒரு காட்டுமாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. மூச்சு ஆவியாக வருவது வரை தெரிந்தது. கேடி அண்ணன் என் தோளைத் தொட்டு, "சார், சத்தம் போடாதீங்க. அப்படியே பின்னாடியே வாங்க" என்றார். தூரமாக வந்த பிறகு பையிலிருந்து வேறு பந்தை எடுத்துக் கொடுத்து, குழிக்குப் பக்கமாகப் போகாத, பத்திரமான இடம் ஒன்றைக் காட்டி, "இங்க முட்டி உயரத்துல இருந்து போடுங்க. தண்டனை கிடையாது" என்றார். ஆபத்தான விலங்கு பக்கத்தில் இருந்தால் இலவசமாக விலகிக்கொள்ளலாம் என்பது 16.2-ஆம் விதி, உலகம் முழுக்க உள்ளது. குளம்பு பதிந்த குழியில் பந்து நின்றால் எடுக்கலாம் என்பது அந்தக் கிளப்பே சேர்த்துக்கொண்ட உள்ளூர் விதி. இன்னொரு நாள் குரங்கு பந்தைத் தூக்கிப் போனது. பார்த்துவிட்டால் பிரச்சினை இல்லை, அதே இடத்தில் வேறு பந்தை வைத்து ஆடலாம்.

கிரீனில் நடந்துகொள்வதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்தக் கேடி அண்ணன்தான். உயரத்திலிருந்து விழும் பந்து கிரீனில் ஒரு சின்னப் பள்ளம் போடும். அதைச் சரிசெய்ய இரண்டு பல் வைத்த ஃபோர்க் ஒன்று தருவார்கள். நான் அதைக் குத்தி மண்ணை நெம்பித் தூக்கினேன். "தூக்காதீங்க சார், வேர் அறுந்துரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பள்ளத்தின் ஓரத்தில் சாய்வாகக் குத்தி, புல்லை நடுப்பக்கமாக மெல்லத் தள்ளினார். சுற்றிலும் நாலு பக்கமும் அப்படியே. கடைசியில் ஷூவின் அடியால் ஒரு அழுத்து. பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை. பட்டறையில் கல் பதிக்கிறவர் ஓரத்து வெள்ளியை உள்பக்கமாக ஒதுக்கி அடைக்கிற அதே கைவேலை. உடனே செய்தால் சில நாளில் ஆறிவிடுமாம், விட்டுவிட்டால் வாரக்கணக்கில் காய்ந்து கிடக்குமாம். அன்றிலிருந்து என்னுடையதோடு பக்கத்தில் இருக்கும் ஒன்றிரண்டையும் சேர்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் நகர்கிறேன். பங்கர் என்னும் மணல் குழியில் கால் வைத்தால் மணலைச் சமப்படுத்துவது, பெயர்ந்த புல்லில் மணல் நிரப்புவது, வேகமாக வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிடுவது, போனை ஊமையாக்கி வைப்பது எல்லாம் இதோடு சேர்ந்தவைதான். இதையெல்லாம் செய்கிற விருந்தாளியை எந்தக் கிளப்பிலும் யாரும் அந்நியமாகப் பார்த்ததில்லை.

கேடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு மணி நேரம் பையைச் சுமந்து, பந்தைக் கண்ணால் துரத்தி, சரிவு சொல்லிக்கொடுக்கிறவர்களுக்குச் சில இடங்களில் உட்கார நல்ல நிழல்கூடக் கிடையாது. எனக்கு அது ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. கூலியோடு கொஞ்சம் கூடவே கொடுங்கள், பெயர் கேட்டு அண்ணன் தம்பி என்று கூப்பிடுங்கள். பையில் 14 ஸ்டிக் (பந்தை அடிக்கும் மட்டை) வரைதான் விதி அனுமதிக்கிறது. எட்டோ ஒன்பதோ எடுத்துப் போனாலே நம் ஆட்டத்துக்குத் தாராளம், அவர் தோளுக்கும் பாரம் குறையும்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடாத கிளப்புகளே அதிகம். சேலத்திலிருந்து கட்டிக்கொண்டு போகும் தட்டுவடையைக் கார் நிறுத்துமிடத்திலேயே காரத்தோடு முடித்துவிட்டு, தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு நடப்போம். வெயில் காலத்தில் இரண்டு லிட்டர் கண்டிப்பாக வேண்டும்.

வரும் வாரம் மச்சான் மகன் முதல் முறையாக என்னோடு வருகிறான். நேற்றே போன் செய்து கேட்டுவிட்டேன்: செவ்வாய் போட்டி, புதன் காலை 7.20-க்கு இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது, கேடி கட்டாயம். அவனுடைய பேன்ட் அம்மாப்பேட்டையில் இருக்கிறது, சனிக்கிழமை தருவதாகத் தையல்காரர் சொல்லியிருக்கிறார்.