பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது? மிஷனரியாகப் புறப்படும் இளம் குடும்பத்துக்கு முன்னால் உள்ள வழிகள்

வெளிநாட்டு ஊழியத்துக்குக் கிளம்பும் இளம் தம்பதியரிடம் சபையார் முதலில் பணத்தைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்து விசா. கைப்பிள்ளையோடு நிற்கும் அம்மாவைத் தனியே கூப்பிட்டு ஆச்சிமார் கேட்பது இன்னொன்று: "பிள்ளைங்க படிப்புக்கு என்னம்மா செய்யப் போற?" பெரும்பாலும் "கர்த்தர் பார்த்துக்கொள்வார், ஆச்சி" என்ற பதிலோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் பார்த்துக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் ஊழியத்தைப் பாதியில் விட்டு ஊர் திரும்பும் குடும்பங்களை விசாரித்தால், பிள்ளைகளின் படிப்பு ஒரு முக்கியக் காரணமாக அடிக்கடி வருகிறது. அதனால்தான் எந்த நாடு என்று பேசும்போதே எந்தப் பள்ளி என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்கிறேன்.

வழிகள் நான்கு. பிள்ளையை ஊரிலேயே விடுதியில் விட்டுப் போகலாம். மிஷனரி பிள்ளைகளுக்கென்றே நடக்கும் பன்னாட்டுப் பள்ளியில் சேர்க்கலாம். வீட்டில் வைத்து நாமே சொல்லிக்கொடுக்கலாம். அல்லது, போகிற நாட்டுப் பிள்ளைகளோடு உள்ளூர்ப் பள்ளிக்கு அனுப்பலாம்.

முதல் வழி தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு நன்றாகவே பழக்கமானது. பெற்றோர் வட மாநிலத்துக் கிராமத்தில் ஊழியம் செய்ய, பிள்ளைகள் டோனாவூர் சந்தோஷ வித்யாலயாவில் படிப்பதை எத்தனையோ குடும்பங்களில் பார்க்கிறோம். இதன் பலன்கள் உண்மையானவை. பிள்ளை நம் ஊரை விட்டு அந்நியமாவதில்லை, பொதுத்தேர்வும் கல்லூரிச் சேர்க்கையும் சிக்கலில்லாமல் நடக்கும், தாத்தாவும் ஆச்சியும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். அதே நிலையில் இருக்கும் மற்றப் பிள்ளைகள் கூடவே இருப்பதும் பெரிய ஆறுதல்.

ஆனால் கடல் தாண்டும்போது கணக்கு மாறிவிடுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒடிசாவிலிருந்து அன்றைக்கே ரயிலேறிவிடலாம். விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வராத நேரத்தில் வேறு நாட்டிலிருந்து கிளம்ப முடியுமா?

பால் பிராண்டின் பிள்ளைப் பருவத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்றவர். 1914-ல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த பிள்ளை. பெற்றோர் ஜெஸ்ஸி, எவலின் பிராண்ட் இருவரும் மிஷனரிகள். ஒன்பது வயதுவரை அம்மாவே பாடம் சொல்லிக்கொடுத்தார். 1923-ல் அவரையும் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். 1929-ல் கொல்லிமலையிலேயே கருநீர்க் காய்ச்சலில் அப்பா இறந்தார். செய்தி தந்தியில் வந்துவிட்டது. ஆனால் அப்பா முன்பே எழுதியிருந்த கடிதங்கள் கப்பலில் அதன் பிறகும் வந்துகொண்டிருந்தன. மகனுக்கு வயது பதினான்கு. இந்த மகன் வளர்ந்து நம் நாட்டுக்கே வந்து ஊழியம் செய்தார் என்பதைச் சொல்லிப் பிள்ளையை விட்டுப் பிரிவதை நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கடிதங்கள்தான் மனதில் நிற்கின்றன.

சீனாவின் யாந்தாயில் சீன உள்நாட்டு மிஷன் 1881-ல் மிஷனரி பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சேஃபூ விடுதிப் பள்ளி அந்தக் காலத்தில் மிகவும் பேர்பெற்றது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அதைக் கைப்பற்றியபோது ஆசிரியர்களோடு பிள்ளைகளும் வெய்ஷியன் என்ற ஊரின் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1945 ஆகஸ்டில் அமெரிக்க வீரர்கள் வந்து விடுவிக்கும்வரை அங்கேதான். சில பிள்ளைகள் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் பெற்றோர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆசிரியர்கள் அந்த முகாமிலும் வகுப்பை விடாமல் நடத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல விடுதி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

மோசமான விடுதியும் இருந்திருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாவில் மமூ என்ற ஊரில் மிஷனரி பிள்ளைகளுக்காக நடந்த பள்ளியில் பிள்ளைகள் துன்புறுத்தப்பட்டது, அவர்கள் பெரியவர்களான பிறகு, 1990-களில் நடந்த சுயாதீன விசாரணையில்தான் வெளியே வந்தது. பெற்றோரின் ஊழியம் கெட்டுவிடக் கூடாதே என்று பிள்ளைகள் வாயைத் திறக்காமல் இருப்பார்கள். ஊழியர் வீட்டுப் பிள்ளைகளிடம் உள்ள பெரிய ஆபத்து இது. எந்த விடுதியானாலும், எழுத்தில் உள்ள பிள்ளைப் பாதுகாப்பு விதிகளைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அங்கே சேர்க்காதீர்கள். பத்து வயதுக்கு முன் விடுதியே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது வழி பன்னாட்டு மிஷனரி பள்ளிகள். கென்யாவின் கிஜாபேயில் 1906 முதல் நடக்கும் ரிஃப்ட் வேலி அகாடமி, மணிலாவின் ஃபெயித் அகாடமி, பினாங்கின் தலாத் பள்ளி ஆகியவை இந்த வகை. தலாத் 1929-ல் வியட்நாமில் தொடங்கி, போரினால் இடம் மாறி மாறி மலேசியா வந்து சேர்ந்தது. நம் கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியும் 1901-ல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டதுதான். தரமான படிப்பு, ஊழியர் குடும்பத்தின் நிலை தெரிந்த ஆசிரியர்கள். குறை இரண்டு. கட்டணம், சலுகையைக் கழித்த பிறகும், ரூபாயில் காணிக்கை பெறும் குடும்பத்துக்குக் கனமானது. அடுத்தது, பாடத்திட்டம் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரியை நோக்கியே இருக்கும். அங்கே படித்த பிள்ளை மதுரையிலோ நாகர்கோவிலிலோ கல்லூரியில் சேர வேண்டுமானால் அந்தப் படிப்பு இந்தியப் படிப்புக்குச் சமம் என்னும் சமநிலைச் சான்றிதழ் வாங்க வேண்டிவரும். நடக்கக்கூடிய காரியம்தான், முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தால்.

வீட்டில் கற்பிப்பதைப் பலர் செலவில்லாத வழி என்று நினைக்கிறார்கள். அதன் செலவு முழுவதும் அம்மாவின் தலையில் விழுகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் அந்த நாட்டு மொழியைக் கற்கும் காலம். அப்பா மொழி வகுப்புக்குப் போய்விடுவார். அம்மா சாப்பாட்டு மேசையில் மூத்தவனுக்குக் கழித்தல் கணக்கு சொல்லிக்கொண்டிருப்பார். சின்னவள் கிரேயானை எடுத்து அந்த நோட்டிலேயே கிறுக்குவாள். அப்புறம் சமையல். இரண்டு ஆண்டு கழிந்ததும் அப்பா பிரசங்கம் செய்கிறார். அம்மாவுக்குக் காய்கறிக்காரியிடம் விலை கேட்கும் அளவுக்குத்தான் பேச்சு வருகிறது. அழைப்பு இருவருக்கும்தானே? வீட்டுக் கல்விதான் என்று முடிவுசெய்தால், அப்பா வாரத்தில் பாதி நாள் காலை வகுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே நிர்வாகக் குழுவிடம் பேசி வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தையும் பாருங்கள். ஜெர்மனியில் வீட்டுக் கல்விக்குப் பொதுவாக அனுமதியே இல்லை. ஊர் திரும்பினால் மாற்றுச் சான்றிதழ் எங்கே என்று பள்ளி கேட்கும். பத்தாம் வகுப்புத் தேர்வை என்.ஐ.ஓ.எஸ். என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுத வழி இருக்கிறது என்றாலும், தேர்வு மையத்துக்காக எங்கே பயணம் போக வேண்டும் என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

என் மனம் சாய்வது உள்ளூர்ப் பள்ளியின் பக்கம். குறிப்பாகச் சின்னப் பிள்ளைகளுக்கு. கம்போடியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே பல அரசுப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு அரை நாள்தான் பள்ளி. காலை வகுப்பு என்றால் ஏழு மணிக்கு வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையுமாகக் கொடிமரத்தடியில் வரிசையாக நிற்பார்கள். பதினொரு மணிக்கு வீடு. மத்தியானம் தமிழும் ஆங்கிலமும் கணக்கும் வீட்டில் படிக்க நேரம் தாராளமாக இருக்கிறது. அந்நாட்டுக் கெமர் மொழியைப் பிள்ளை தன்னோடு விளையாடும் பிள்ளைகளிடமிருந்து பிடித்துக்கொள்ளும். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் பள்ளி வாசலில் நம்மோடு பேசத் தொடங்குவார்கள். அக்கம்பக்கத்தாரின் வீட்டுக்குள் போக அதைவிட நல்ல வாசல் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதிலும் சங்கடங்கள் உண்டு. பௌத்த நாட்டில் பண்டிகை நாட்களில் பள்ளியில் சடங்குகள் நடக்கும். எதில் நிற்கலாம், எதில் ஒதுங்கலாம் என்பதை வகுப்பாசிரியரிடம் மரியாதையாக முதல் வாரத்திலேயே பேசிவிட வேண்டும். அதைச் சமாளிக்கும் பொறுப்பை ஆறு வயதுப் பிள்ளையிடம் விடக் கூடாது. வகுப்பில் தனி நிறமாக, தனிப் பேராக இருப்பதும் பிள்ளைக்கு வலிக்கும். மேல் வகுப்புகளுக்குப் போகும்போது பாடத்தின் தரமும் கல்லூரி வாய்ப்பும் கவலை தரும்.

அதனால் நான் சொல்லும் வரிசை இது. ஐந்தாம் வகுப்புவரை உள்ளூர்ப் பள்ளி, மத்தியானம் வீட்டுப் பாடம். ஆறாம் வகுப்பை நெருங்கும்போது, போய்வரக்கூடிய தூரத்தில் நல்ல பள்ளி இருந்தால் அங்கே. வளைகுடா நாடுகள், நேபாளம் போன்ற இடங்களில் சி.பி.எஸ்.இ. பள்ளிகளே இருக்கின்றன. இல்லையென்றால் ஊழிய இடத்தையே பள்ளி உள்ள நகரத்துக்கு மாற்றலாமா என்று யோசியுங்கள். விடுதி கடைசி. அதுவும் பிள்ளை சம்மதித்து, ஒவ்வோர் ஆண்டும் "தொடரலாமா?" என்று கேட்கப்பட்டால் மட்டும். மூத்தவனுக்குச் சரிப்பட்டது இளையவளுக்குச் சரிப்படும் என்றும் எண்ண வேண்டாம்.

நேர்முகத்துக்குப் போகும்போது உங்களை அனுப்பும் அமைப்பிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். படிப்புச் செலவு மாதப் படியில் அடங்குமா, தனியாகத் தரப்படுமா? பிள்ளைக்காக இடம் மாற வேண்டும் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும், முடிவு சொல்ல எத்தனை நாள் எடுப்பார்கள்? பிள்ளை விடுதியில் இருந்தால், உடம்புக்கு முடியாத நேரத்தில் பெற்றோர் ஒருவர் வந்து போகும் டிக்கெட்டுக்குப் பணம் யார் தருவது?