‘விழா மைதானத்துக்கு மிக அருகில்’ என்ற விளம்பரத்துக்குப் பணம் கட்டுமுன்

கடலோர நாட்டுப்புற இசை விழாவுக்குப் போகலாம், டென்ட் போட்டுத் தங்கலாம் என்று இடம் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விழாவின் பெயரைத் தலைப்பில் பெரிதாகப் போட்டு, கீழே கடல், மேலே பச்சைப் புல்வெளி என்று ஒரு படத்தையும் வைத்துத் தனியார் கொடுக்கும் கேம்பிங் விளம்பரங்கள் சீசனில் வரிசையாக வரும். அப்படி ஒன்றில் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து இடம் பிடித்தோம். விழா அருமையாக இருந்தது. தங்கிய இடம் எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது. இடத்துக்காரரின் பெயரை எழுதப் போவதில்லை. அடுத்த முறை அவர் வேறு பெயரில்தான் வருவார். ஏமாற்றிய விதத்தைத் தெரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் தெரியும்.

முதலில் ஒன்று. அந்த விளம்பரத்தில் முழுப் பொய் என்று ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. பிறகு சண்டை போட்டபோது அவர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். “நான் எழுதினதுல எது பொய், காட்டுங்க” என்றார். காட்ட முடியவில்லை. எல்லாமே அரை உண்மை. மீதிப் பாதியை டென்ட் அடித்த பிறகுதான் பார்த்தோம்.

தலைப்பில் ‘விழா கேம்பிங்’ என்று இருந்தது. விழா நடக்கிற வாரத்தில் கேம்பிங் என்று அதற்கு அர்த்தமாம்! விழாக் குழுவுக்கும் அந்த வயலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விழா வாசலில் கைப்பட்டை மாட்டிவிட்ட தன்னார்வலப் பெண்ணிடம் ஷட்டில் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டோம். எங்கள் கேம்ப்சைட் பெயரைக் கேட்டுவிட்டு, “அது எங்களோடது இல்லையே” என்றார். பஸ் விழாக் குழுவின் அதிகாரபூர்வ மைதானத்துக்கு மட்டும்தான் போகும். இரவுக் காவல், முதலுதவிக் கூடாரம், தொலைந்த பொருள் வாங்கும் இடம், மழை வந்தால் மாற்று ஏற்பாடு எல்லாமே அங்கேதான். எங்கள் வயலில் இருந்தது ஒரு கேட், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கைபேசி எண். அந்த எண்ணும் இரவு எட்டு மணிக்கு மேல் எடுக்காது. விழாக் குழுவின் சொந்தப் பக்கத்தில் தங்குமிடங்களின் பட்டியல் இருக்கும். நீங்கள் பார்க்கும் இடம் அதில் இல்லை என்றால் ஒரு போன் போட்டு, “இது உங்களுடையதா, பஸ் வருமா” என்று கேட்டுவிடுங்கள்.

இப்போது தூரம். எங்களுக்கு மிகப் பெரிய அடி இதில்தான்.

‘கடற்கரை வழியே பதினைந்து நிமிட நடை’ என்று போட்டிருந்தது. உண்மை, கடல் இறங்கியிருக்கும்போது. அந்தப் பாதை செங்குத்தான பாறைச் சுவரின் அடியில் போகிற ஒரு மணல் துண்டு. ஓதம், அதாவது கடல் மட்டம், ஏறினால் அது முழுக்கத் தண்ணீருக்குள் போய்விடும். அலை நேராகப் பாறையில் வந்து அடிக்கும். பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்குகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஏற்ற நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். ஒரு வாரம் நடக்கிற விழாவில் இது என்ன செய்யும் என்று பாருங்கள்: முதல் நாள் மாலை ஆறு மணிக்கு உச்சத்தில் இருக்கிற கடல், வாரக் கடைசியில் இரவு பதினொரு மணிக்கு, கச்சேரி முடிந்து எல்லோரும் திரும்புகிற நேரத்தில் உச்சத்துக்கு வரும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றம் இன்னும் அதிகம். நாங்கள் போனது நல்ல பௌர்ணமிக் காலம். நிலா வெளிச்சத்தில் கடல் அழகாகத்தான் இருந்தது, பாதையைத்தான் காணோம்.

ஓர் இரவு பாதி தூரம் வந்துவிட்டோம். நாயோடு எதிரே வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் எங்களை நிறுத்தி, “அந்தப் பாறை முனையைத் தாண்டுறதுக்குள்ள தண்ணி வந்துடும் தம்பி, பின்னாலயும் போக முடியாது, இப்பவே திரும்புங்க” என்றார். அவர் சொன்ன இடத்தைப் பகலில் போய்ப் பார்த்தோம். பாறையில் ஆள் உயரத்துக்கு ஈரக் கறை இருந்தது. இடத்துக்காரருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. விளம்பரப் படத்தில் இருந்த அகலமான மணல் பரப்பு கடல் நன்றாக இறங்கிய நேரத்தில் எடுத்தது. ஓத நேரத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் அவருக்கு என்ன நஷ்டம்? வாடிக்கையாளர்கள் குறைவார்கள், அவ்வளவுதான். யாராவது மாட்டிக்கொண்டு உயிர் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியவில்லை. என்னைக் கேட்டால் காற்று, கழிப்பறை, பணம் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம், இதை மன்னிக்கவே முடியாது.

மாற்று வழி, குன்றின் மேல் ஏறி இறங்குகிற வண்டிச் சாலை. நடைபாதை கிடையாது, விளக்கு கிடையாது. பதினைந்து நிமிடம் என்பது அதில் முக்கால் மணி நேரத்தைத் தாண்டும், அதுவும் கையை வீசி நடந்தால். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அக்கார்டியன் வாசிப்பவர். பெரிய அக்கார்டியன் பெட்டியோடு சேர்த்து 10 கிலோவுக்கு மேல் போகும். அதைத் தூக்கிக்கொண்டு, எதிரே கார் வரும்போதெல்லாம் புதருக்குள் ஒதுங்கி ஒதுங்கி நடந்தால் எப்படி இருக்கும்!

தூரம் என்று வரும்போது நாட்டுப்புற இசை விழா மற்ற கச்சேரிகள் மாதிரி இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாயங்காலம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருகிற விஷயம் அல்ல இது. காலையில் நடனப் பயிற்சி, மதியம் பாட்டுப் பட்டறை, மாலையில் பெரிய மேடை. அதெல்லாம் முடிந்த பிறகு ஏதோ ஒரு மூலையில் வட்டமாக உட்கார்ந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடுகிற இரவு. அந்தக் கடைசிப் பகுதிக்காகவே போகிறவர்கள் உண்டு, நானும் அந்த ரகம். நடுவில் வாத்தியம் வைக்க, உடை மாற்ற, கொஞ்சம் கண் அசர என்று டென்டுக்குப் போய்ப் போய் வர வேண்டியிருக்கும். ஆகவே தூரத்தை ஒரு நடையாகக் கணக்குப் போடக் கூடாது.

அப்புறம், எங்கிருந்து அளந்த தூரம் என்பதும் ஒரு கேள்வி. அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா இப்போது கடலோரக் கோட்டை வளாகம் ஒன்றுக்குள் நடக்கிறது. அங்கே ‘அருகில்’ என்றால் வாசலுக்கு அருகில் என்று புரிந்துகொள்ளலாம். இங்கிலாந்தின் சிட்மத்தில் 1955-இல் தொடங்கிய விழாவோ ஒரு வாரம் போல ஊர் முழுக்க, அரங்குகளிலும் மதுக்கூடங்களிலும் கடற்கரைத் தெருவிலுமாகப் பரவி நடக்கும். அப்படிப்பட்ட விழாவில் ஒரு மேடைக்கு அருகில் இருந்தால் இன்னொன்றுக்குத் தூரமாக இருக்கும். எங்கள் இடத்துக்காரர் அளந்தது ஊரின் எல்லைப் பலகையிலிருந்து! வரைபடத்தில் நீங்கள் அதிகம் போகப்போகிற அரங்கத்தைக் குறித்து, அங்கிருந்து நடைவழியைப் போட்டுப் பாருங்கள். உயர வேறுபாட்டையும் பாருங்கள். வழி கடற்கரையைத் தொட்டால், அந்த வாரத்துக்கான ஓத அட்டவணையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘கடல் பார்த்த இடம்’ என்பது அடுத்த அரை உண்மை. கடல் தெரிந்தது, குன்றின் விளிம்பிலிருந்து. கடலிலிருந்து வருகிற காற்று பாறைச் சுவரில் மோதி, மேலே ஏறி, விளிம்பைத் தாண்டும்போது வேகம் கூடும். வயலிலேயே அழகான இடமும் அதுதான், டென்டுக்கு மோசமான இடமும் அதுதான். அதற்குத் தனிக் கட்டணம் வேறு வாங்கினார். மண்ணோ மேலே ஒரு சாண், கீழே பாறை. முளை பாதிகூட இறங்கவில்லை. டென்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து அடித்தோம், கல் வைத்தோம், ஒன்றும் நிற்கவில்லை. காற்று வலுத்த இரவில் பக்கத்து டென்டின் கம்பி முறிந்து, ஒரு குடும்பமே காருக்குள் உட்கார்ந்து விடியும்வரை காத்திருந்தது. டென்ட் துணி 3000 மில்லிமீட்டர் நீர் தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். 3 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம்வரை துணி ஒழுகாது என்று அர்த்தம். நல்ல துணிதான். ஆனால் டென்டே பறக்கும்போது துணி என்ன செய்யும்? மரவரிசைக்கோ வேலிக்கோ பின்னால், விளிம்பிலிருந்து தள்ளி, கடல் தெரியாத ஓர் இடம் கிடைத்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்ளுங்கள். கடலை நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

வாத்தியம் கொண்டு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலோர இரவின் ஈரப்பதத்தில் தோல் தளரும், மரம் உப்பும். பகலில் கணீரென்று ஒலித்த தோல் வாத்தியம் காலையில் தொப்பு தொப்பென்றது. ஃபிடிலின் பிருடைகள், தந்தியை முறுக்குகிற அந்த மர ஆணிகள், இறுகித் திரும்ப மறுத்தன. விழாக் குழுவின் மைதானத்தில் வாத்தியங்களைப் பூட்டிவைக்க உலர்ந்த அறை இருந்தது. எங்கள் விளம்பரத்திலும் ‘வாத்தியப் பாதுகாப்பு உண்டு’ என்று இருந்தது. போய்க் கேட்டால் கதவு சரியாகச் சாத்தாத ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார்.

கழிப்பறை பற்றி அதிகம் எழுதவில்லை. போதவில்லை, இரண்டாம் நாளுக்குப் பிறகு யாரும் சுத்தம் செய்யவில்லை.

‘அமைதிப் பகுதி’ என்று கேட்டு வாங்கியிருந்தோம். பாட்டுச் சத்தம் எனக்குத் தொந்தரவே கிடையாது, அதற்குத்தானே போனோம். எங்கள் வரிசைக்குப் பின்னால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஜெனரேட்டர் இரவு முழுக்க ஓடியது. “அது பக்கத்து நிலம், என் கையில இல்லை” என்று பதில் வந்தது. தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருப்பது வெதுவெதுப்பாக இருந்தால், ஒலி வளைந்து கீழேயே வரும். தூரத்துச் சத்தம்கூடப் பக்கத்தில் கேட்கும். எனவே வேலிக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று கொஞ்சம் பயமாகவே இருந்தது. கூட்டம் வர வர வயலில் கோடு போட்டிருந்த இடைவெளியிலெல்லாம் ஆட்களை ஏற்றினார். ஒரு டென்டின் கயிறு அடுத்த டென்டின் வாசலில். பிரிட்டனில் இரண்டு கூடாரங்களுக்கு நடுவே தீப்பாதுகாப்புக்காக வழக்கமாகச் சொல்கிற இடைவெளி 6 மீட்டர். எங்களுக்கு ஒரு மீட்டர் இருந்திருந்தால் அதிகம். அதில் மழைக்குப் பயந்து டென்டுக்குள்ளேயே அடுப்பு மூட்டினவர்களும் இருந்தார்கள். தீ ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு ஒரு பக்கம். வாசனையே இல்லாத வாயு அது. அடுப்பு அணைந்து கங்கு மட்டும் கிடந்தாலும் வரும். டென்டுக்குள் எதையும் எரிக்கவே எரிக்காதீர்கள்.

சரி, பணம். பதிவின்போது “கார்டு வசதி தற்காலிகமாக வேலை செய்யவில்லை” என்று சொல்லி, நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். எங்கள் கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் பிடிவாதமாக நின்று கார்டில் கட்டினார். அவருக்கு மட்டும் வேலை செய்தது! பிறகு எல்லோரும் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். எங்களுக்கு வந்த பதில், “வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல”. நாங்கள் வானிலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. கார்டில் கட்டியவர் வங்கியில் முறையிட்டார். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அங்கே எடுத்த படங்கள், அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் கொடுத்தார். கட்டியதில் பெரும்பகுதி திரும்ப வந்தது. மற்றவர்களுக்கு இன்றுவரை எதுவும் வரவில்லை. ஸ்கிரீன்ஷாட்டைப் பணம் கட்டும் அன்றே எடுத்து வையுங்கள். நாங்கள் ஊர் திரும்புவதற்குள் அந்த விளம்பரத்தில் ‘பதினைந்து நிமிட நடை’ என்ற வரி காணாமல் போயிருந்தது.

விழாக் குழுவுக்கும் எழுதினோம். தங்கள் பெயரை அவர் தலைப்பில் போடுவதற்கு ஆட்சேபம் தெரிவிப்பதாகவும், தங்கள் பக்கத்தில் அதிகாரபூர்வ இடங்களைத் தெளிவாகக் குறிப்பதாகவும் பதில் வந்தது.

இந்த சீசனுக்கு அதே படம் புதுப் பெயரில் மறுபடி வந்திருக்கிறது. இடது ஓரத்தில் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்த ஒற்றை மரம், கீழே நல்ல அகலமான மணல். இப்போது ‘இருபது நிமிட நடை’ என்று போட்டிருக்கிறார்.