எடைமேடைக்கு அடியில் ஆறு லோட் செல்கள்: ஒன்பது ஆண்டு அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையின் எடைமேடையை ஒன்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். நெல் வண்டியை அப்படியே ஏற்றி எடை போடும் 60 டன் மேடை. அடியில், பாரத்தை உணர்ந்து மின்சாரமாகச் சொல்லும் லோட் செல்கள் ஆறு, ஒவ்வொன்றும் 30 டன் தாங்கும். இரு முனையிலும் ஊன்றி, நடுவில் பாரம் வாங்கும் உத்திரம் போன்ற வகை. இத்தனை காலத்தில் இந்த மேடையில் பாரம் தாங்காமல் ஒரு செல்லும் கெட்டதில்லை. கெடுத்தவை ஈரமும் எலியும் வெல்டிங்கும்தான்.

லோட் செல் என்பது அடிப்படையில் ஓர் எஃகுத் துண்டு. பாரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு உருமாறும். இறங்கியதும் பழைய நிலைக்கு வந்துவிடும். அதன்மேல் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய உலோக இழை எஃகோடு சேர்ந்தே நீளும், சுருங்கும். நீண்டால் மின்தடை கூடும், சுருங்கினால் குறையும். இப்படி நான்கு கேஜ்களை, மின்தடையின் சிறு மாற்றத்தையும் மின்னழுத்தமாகக் காட்டும் வீட்ஸ்டன் பாலம் என்ற சுற்றாக இணைத்து 10 வோல்ட் கொடுத்தால், முழு 30 டன்னுக்கு எங்கள் செல் திருப்பித் தருவது வெறும் 20 மில்லிவோல்ட். ஆறும் ஒன்றாக இணைந்தபின், திரையில் 10 கிலோ கூடுவது ஒரு மைக்ரோவோல்ட்டைச் சற்றே தாண்டும் மாற்றம். இவ்வளவு மெலிந்த மின்சாரத்தின் வழியில் ஈரம் புகுந்தால் எடை எப்படி நிலைக்கும்?

ஓர் ஐப்பசி மழையில் அதைக் கண்ணால் பார்த்தேன். குறுவை நெல் வந்துகொண்டிருந்த நேரம். மேடை காலி, திரையில் 20, 40, 60 என்று எண் தானாக ஏறுகிறது. ஜன்னலோரம் நின்ற விவசாயி, "வண்டியே ஏறவில்லையே ஐயா, இது யார் எடை?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் எடை போடுவதை நிறுத்தினேன். ஆறு செல்களின் கேபிள்களும் ஒன்றுசேரும் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் மூடியின் உட்புறம் வியர்த்திருந்தது. திருகுகளில் பச்சைக் களிம்பு. கேபிள் நுழையும் இடத்து ரப்பர் வளையம் நைந்துபோயிருந்தது. துடைத்து உலர்த்தியும் எண் நிற்கவில்லை. செல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது நான்காவதில் அகப்பட்டது: எலி கடித்த கேபிள் வழியே நீர் செல்லுக்குள்ளேயே இறங்கியிருந்தது. புதிய செல் போட்டு, மூலைக்கு மூலை எடை சரிபார்த்து, மறுபடி முத்திரை பெறும்வரை மேடை மூடிக் கிடந்தது. அத்தனை நாளும் நெல் வண்டிகள் வேறு எடைமேடை தேடிப் போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

வெல்டிங் கதை அதற்கு முந்தியது. மேடையின் ஓரத் தகட்டை ஒட்ட வந்தவர் எர்த் கவ்வியைக் கீழ்ச் சட்டத்தில் மாட்டிவிட்டார். மின்சாரம் செல்லின் ஊடாகவே பாய்ந்து கேஜைக் கருக்கிவிட்டது. இப்போதெல்லாம் கவ்வி வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு செல்லையும் தாண்டி ஒரு செம்புப் பட்டையும் போட்டிருக்கிறோம்.

ஆலையில் வேறு வகைகளும் உண்டு. மூட்டை நிரப்பும் ஹாப்பர் எஸ் வடிவ செல்லில் தொங்குகிறது. இழுவிசைக்கு அது நல்ல தேர்வு. சிறு தராசில் இருப்பது அலுமினிய சிங்கிள் பாயிண்ட் செல். தட்டின் எந்த மூலையில் வைத்தாலும் ஒரே எடை காட்டும். ஆனால் மூட்டையைத் தூக்கிப் போட்டால் நிரந்தரமாக வளைந்துவிடும். அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகம் வைத்த பீசோ வகை நொடியில் மாறும் விசைக்கு உரியது. பாரம் அசையாமல் நின்றால் மின்னூட்டம் கசிந்து எண் இறங்கிவிடும் என்பதால் எடைமேடைக்கு ஆகாது.

வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: விலை கூடினாலும் வெல்டிங்கால் முழுதாக மூடப்பட்ட துருப்பிடிக்காத எஃகு செல்லையே கேளுங்கள், கேபிளுக்கு எலி கடிக்காத உறை கட்டாயம். நீளம் அதிகம் என்று நான்கு வயர் கேபிளை வெட்டாதீர்கள். செல்லின் அளவுத்திருத்தமே மாறிவிடும். மேடைக்கும் சுவருக்கும் நடுவே உமியும் சேறும் அடைந்தால் எடை பூஜ்யத்துக்குத் திரும்பாது. வாரம் ஒருமுறை தள்ளிவிடுங்கள்.

நெல் கொண்டுவருகிறவர்களிடம் நானே சொல்கிறேன்: வண்டி ஏறுமுன் திரையில் பூஜ்யம் அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் ஏற்றாதீர்கள்.